பத்துக் கட்டத்தில் ஒரு கறித்தூள் மில்

உக்குவளையில் யோகேந்திரனின் கறித்தூள் மில்லில் காலை ஒன்பது மணிக்கே காஸ் தீர்ந்துபோனது. பெரிய சட்டியில் கொத்தமல்லி அரைகுறையாக வறுபட்டுக் கிடந்தது. நல்லம்மா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு முன்னறைக்கு வந்தாள்.

"தம்பி, காஸ் முடிஞ்சிருச்சு."

யோகேந்திரன் நிமிரவில்லை. தம்புள்ளையில் ஒரு ஹோட்டலில் நடந்த இரண்டு நாள் வர்த்தகப் பயிற்சிக்குப் போய்வந்ததிலிருந்து, கூப்பிட்டவுடன் நிமிர்வதை அவன் நிறுத்தியிருந்தான்.

"அக்கா, இதெல்லாம் நீங்க எங்கிட்ட நேரா சொல்லக்கூடாது."

"பின்ன யார்கிட்ட சொல்றது?"

அவன் சுவரைக் காட்டினான். அங்கே பெரிய தாளில் பத்துக் கட்டங்கள். உச்சிக் கட்டத்தில் பிரதம நிறைவேற்று அதிகாரி யோகேந்திரன். அதற்குக் கீழே நிதி, கொள்வனவு, மனிதவளம் மூன்றுக்கும் அவன் மனைவி தினுஷா. சந்தைப்படுத்தல், ஒன்லைன் விற்பனை, விநியோகம், வாடிக்கையாளர் சேவை, உற்பத்தி மேற்பார்வை ஐந்துக்கும் சசிக்குமார். போன மாதம் வரை அவன் வேன் டிரைவர். இப்போதும் வேனை அவன்தான் ஓட்டினான். கடைசிக் கட்டத்தில் 'உற்பத்தி' என்று மட்டும் இருந்தது.

"இதுல நான் எங்க?"

"அந்தக் கடைசிக் கட்டம் நீங்கதான்க்கா. பேர் எழுத எடம் போதல."

நல்லம்மா இரண்டடி நகர்ந்து சசிக்குமாரிடம் சொன்னாள். சசிக்குமார் அதை ஒரு படிவத்தில் எழுதி அடுத்த மேசையிலிருந்த தினுஷாவிடம் கொடுத்தான். தினுஷா கொள்வனவு முகாமையாளராக அதில் கையெழுத்திட்டாள். பிறகு நிதி முகாமையாளராக அதைத் திருப்பி அனுப்பினாள்.

"மூணு கொட்டேஷன் வேணும்."

"அக்கா, இந்தப் பக்கத்துல காஸ் விக்கிறதே ஒரு கடைதான்," என்றான் சசிக்குமார்.

"அப்ப அந்தக் கடையிலயே மூணு தடவ கேளுங்க."

காஸ் வர நாலு நாளாயிற்று. அதற்குள் ஒன்லைனில் முப்பது ஓடர் தேங்கிவிட்டது. 'தூள் வருமா, இல்ல இப்பத்தான் மல்லி வெதைக்கிறீங்களா?' என்று ஒருவர் மில்லின் ஃபேஸ்புக் பக்கத்திலேயே எழுதிவிட்டார். அதற்கு நூற்றுப்பன்னிரண்டு பேர் சிரித்திருந்தார்கள்.

தாமதத்துக்குக் காரணம் கண்டுபிடிக்க யோகேந்திரன் அவசரக் கூட்டம் கூட்டினான். பிரிவுத் தலைவர்கள் ஒவ்வொருவரும் அறிக்கை வாசிக்க வேண்டும். சசிக்குமார் ஐந்து முறை எழுந்து ஐந்து முறை உட்கார்ந்தான். ஒன்லைன் விற்பனை என்ற முறையில் விநியோகப் பிரிவைக் கடுமையாகக் கண்டித்தான். விநியோகம் என்ற முறையில் எழுந்தபோது, அந்தப் பழிச்சொல் மனதைப் புண்படுத்தியதாகச் சொன்னான். கூட்டம் மூன்று மணிவரை நீண்டது. அன்றைக்கு வேன் போகவில்லை.

"இந்த மெஷின் சத்தத்துல எப்பிடி முடிவெடுக்கிறது?" என்றான் யோகேந்திரன்.

ஆகவே மாத்தளை டவுனில், ஒரு துணிக்கடைக்கு மேலே, ஏசி போட்ட அறையில் தலைமை அலுவலகம் திறந்தார்கள். தாளும் சுவரிலிருந்து கழன்று அங்கே போனது.

இப்போது மில்லில் என்ன நடக்கிறது என்று தெரியவில்லை. அதனால் மணிக்கொரு தடவை நல்லம்மா வட்ஸ்அப்பில் படம் அனுப்ப வேண்டும் என்று உத்தரவானது. வறுபடுமுன் ஒன்று, வறுபட்டபின் ஒன்று, அரைத்தபின் ஒன்று. முதல் நாள் அவள் பெருவிரலைத்தான் எட்டுப் படம் எடுத்து அனுப்பினாள். இரண்டாம் நாள் மிளகாய் கருகியது.

"ஒரு கையால வறுத்துக்கிட்டு மறு கையால ஃபோட்டோ புடிக்க ஏலாது தம்பி," என்று ஃபோனில் கத்தினாள்.

யோகேந்திரன் பயிற்சிக் குறிப்புப் புத்தகத்தைப் புரட்டினான். உற்பத்தியை வெளியாரிடம் கொடுத்துவிட்டால் உற்பத்திப் பிரச்சினையே இருக்காது என்று கடைசிப் பக்கத்தில் எழுதியிருந்தது.

மறுநாள் நல்லம்மாவை அலுவலகத்துக்கு அழைத்தார்கள். மனிதவள முகாமையாளர் தினுஷா தொண்டையைச் செருமினாள்.

"அக்கா, உங்கள விடுவிச்சிருக்கோம்."

"அப்பிடின்னா நாளைக்கு வர வேணாமா?"

"வேணாம்னு சொல்லலக்கா. விடுவிச்சிருக்கோம்."

பத்தொன்பது வருடம் அந்தச் சட்டிக்கு முன்னால் நின்றவள். கண்ணைத் துடைக்கவில்லை, ஏசியைப் பார்த்துத் தும்மினாள். சேரவேண்டிய பணத்துக்குக் கையெழுத்து வைத்துவிட்டுப் படியிறங்கிப் போனாள்.

சும்மா கிடக்கும் மில்லையும் மெஷினையும் வாடகைக்கு விடுவதாக நிதி முகாமையாளர் ஒன்லைனில் விளம்பரம் போட்டாள். ஒரு தரகர் வந்தார், முற்பணம் தந்தார், சாவியை வாங்கிக்கொண்டு போனார். சொத்தும் சம்பாதிக்கத் தொடங்கியதில் யோகேந்திரனுக்குப் பெருமை தாங்கவில்லை.

மூன்று வாரத்தில் சசிக்குமார் தூள் தரும் ஆளையும் ஒன்லைனிலேயே பிடித்துவிட்டான். 'மஞ்சள்கிளி மசாலா' என்று பெயர். புதுப் பக்கம், ஆனால் எழுதியவர்கள் எல்லோரும் ஐந்து நட்சத்திரம் போட்டிருந்தார்கள். றம்ஸீன் என்ற ஓட்டோக்காரர் மாதிரிப் பக்கெட்டைக் கொண்டுவந்து கொடுத்தார். யோகேந்திரன் ஒரு சிட்டிகை எடுத்து மணந்து பார்த்தான். கண்ணை மூடிக்கொண்டான்.

"பாத்தியா சசி, இதுக்குப் பேருதான் தரம்! நம்ம நல்லம்மாக்கா ஒரு நாளாவது இந்தப் பதத்துக்கு வறுத்திருப்பாங்களா?"

"எனக்கென்னமோ நம்ம தூள் மாதிரித்தான் மணக்குது," என்றாள் தினுஷா.

"ஒனக்கு நிதி மட்டும்தான் தெரியும்."

அந்தத் தூளைத் தங்கள் பெயர் அச்சடித்த பக்கெட்டில் போட்டு, விலையைக் கூட்டி விற்றார்கள். பாராட்டுக் குவிந்தது. ஒரு மாதம் கழித்து வாடிக்கையாளர் யாரோ இரண்டு தூளும் ஒன்றுதான் என்று கண்டுபிடித்து எழுதிவிட்டார். மஞ்சள்கிளியில் விலை பாதி. ஓடர்கள் மஞ்சள்கிளிக்குச் சிட்டாகப் பறந்தன. பதினொரு நாளாக ஒன்லைன் விற்பனை, விநியோகம், வாடிக்கையாளர் சேவை மூன்றும் ஒரே நாற்காலியில் தூங்கின. துணிக்கடைக்காரர் அறையைக் காலி செய்யச் சொல்லி ஆள் அனுப்பினார்.

"இனி ஒரே வழிதான்," என்றான் யோகேந்திரன். "மஞ்சள்கிளி மொதலாளிய நானே நேர்ல பாக்கிறேன். தூள எங்களுக்கு மட்டும் தாங்கன்னு கேக்கிறேன்."

"கால்ல விழச் சொன்னா?" என்றாள் தினுஷா.

"விழுவேன்."

டை கட்டிக்கொண்டான். தூள் மூட்டையுடன் வந்த றம்ஸீனின் ஓட்டோவிலேயே ஏறினான். போகும் வழியில் பேச வேண்டியதை முணுமுணுத்துப் பார்த்துக்கொண்டான். 'நாங்க ரெண்டு பேரும் சேர்ந்தா' என்று தொடங்கினால் மரியாதையாக இருக்குமா, அல்லது 'ஐயா, ஒரு குடும்பத்தக் காப்பாத்துங்க' என்று தொடங்குவதா என்று முடிவாகவில்லை.

"தம்பி, அங்க எத்தன பிரிவு இருக்கு?"

"பிரிவெல்லாம் தெரியாது சேர். ஆறு பொம்பளைங்க ஈக்கிறாங்க. ஆறு பேரும் வறுக்கிறாங்க, அரைக்கிறாங்க, கட்டுறாங்க. ஃபோன் அடிச்சா பக்கத்துல ஈக்கிறவங்க எடுப்பாங்க."

"அப்ப முடிவெடுக்கிறது யாரு?"

"என்ன முடிவு சேர்?"

ஓட்டோ உக்குவளை ரயில் கடவையைத் தாண்டித் திரும்பி, ஒரு பச்சை கேற்றுக்கு முன்னால் நின்றது. உள்ளே மெஷின் இரைந்தது. வறுத்த மல்லியின் மணம் வெளியே வந்தது. யோகேந்திரன் கேற்றைப் பார்த்தான். பிறகு றம்ஸீனைப் பார்த்தான். கோபம் தலைக்கேறியது.

"என்ன தம்பி, வெளையாடுறீங்களா? இது என்னோட மில்லு. வாடகைக்கு விட்டுருக்கேன். நான் பாக்க வந்தது மஞ்சள்கிளி மொதலாளிய!"

"சரியான எடத்துக்குத்தான் வந்திருக்கோம் சேர்; நல்லம்மா மொதலாளி உள்ளுக்குத்தான் ஈக்கிறாங்க."