செருகாத வயர்

எனக்குக் காது ரொம்பக் கூர்மை என்று சொல்லிக்கொண்டு திரிந்தவன் நான். இப்போது நினைத்தாலும் அந்தக் காது மடல் சுடுகிறது.

பெரிய வாத்தியக் குழு வாசித்த திரைப்படப் பின்னணி இசையை ‘லாஸ்லெஸ்’ தரத்தில்தான் கேட்பேன். அதாவது, பதிவான ஒலியில் ஒரு துளியும் குறைக்காத தரம். அதற்காகவே போனிலிருந்து ஸ்பீக்கருக்கு விரல் பருமனில் ஒரு வயர். ப்ளூடூத்தில் கேட்பவர்களைப் பார்த்துப் பரிதாபப்படுவேன்.

மாலதியின் அப்பா என்னைப் பார்க்க, சிங்கப்பூர் ஈசூனில் இருந்த எங்கள் வீட்டுக்கு வந்தார். அவர் சரியென்றால்தான் எங்களுக்குக் கல்யாணம். துவாஸ் கப்பல் பட்டறையில் முப்பது வருடம் எலக்ட்ரீஷியனாக இருந்தவர். அம்மா தேக்கா சந்தைக்குப் பூ வாங்கப் போயிருந்தார். (தடுக்க ஆளில்லை.) வந்தவரை நேராக ஸ்பீக்கர் முன்னால் உட்காரவைத்தேன்.

“அங்கிள், இடது பக்கம் வயலின்காரர் மூச்சு இழுக்கிறது கேக்குதா?”

“இல்லையே தம்பி. பட்டறைச் சத்தத்துல எனக்கு இடது காது மந்தமாயிடுச்சு.”

அதோடு நிறுத்தியிருக்கலாம். “காதுக்குப் பயிற்சி வேணும் அங்கிள். எல்லாராலயும் முடியாது” என்றேன். (ஆமாம், சொன்னேன்.) சொல்லிவிட்டுக் கண்ணை மூடி உருகி, ஒரு சொட்டுக் கண்ணீரும் விட்டேன்.

வயலின்கள் உச்சத்துக்கு ஏறும்போது போன் மணி அடித்தது. பதற்றத்தில் பச்சையை அழுத்திவிட்டேன். ஸ்பீக்கரில் அம்மா.

“டேய், அவரு வந்துட்டாரா? அந்த ஸ்பீக்கர் கதைய மட்டும் ஆரம்பிக்காத லா! மனுஷன் எழுந்து ஓடிடுவாரு!”

போனிலிருந்து வயரைப் பிடுங்கினேன். அம்மாவின் குரல் நிற்கவில்லை. பூ விலையைப் பற்றியும் ஸ்பீக்கரிலேயே சொல்லி முடித்தார்.

மாலதியின் அப்பா மெல்லக் குனிந்து, ஸ்பீக்கருக்குப் பின்னாலிருந்து வயரின் மறுமுனையை எடுத்தார். பிளாஸ்டிக் உறைகூடக் கழற்றவில்லை.

“இது எதுலயும் சொருகலயே தம்பி. வந்தப்பவே பார்த்தேன். சொல்லலாம்னு பார்த்தா நீங்க கண்ண மூடி அழுதுட்டு இருந்தீங்க, எதுக்குத் தொந்தரவுன்னு விட்டுட்டேன்.”

வயர் வாங்கிய எட்டு மாதமாக நான் கேட்டதெல்லாம் ப்ளூடூத். அதுகூடப் பரவாயில்லை. வேலையில் காதைப் பறிகொடுத்த மனிதரிடம் பயிற்சி போதாது என்றிருக்கிறேன். அவரோ என் மானத்தைக் காப்பாற்றப் பேசாமல் இருந்திருக்கிறார். “மன்னிச்சிடுங்க அங்கிள்” என்றேன்.

அவரே வயரைச் செருகினார். “இப்ப போடுங்க. வித்தியாசம் தெரியுதா?”

“தெரியல அங்கிள்.” அன்று நான் பேசிய முதல் உண்மை.

அதற்காகத்தான் பெண் கொடுத்தேன் என்று மாமா இன்றும் சொல்கிறார். நான் எதைப் பற்றியாவது அடித்துப் பேசினால், என் நாலு வயது மகளிடம், “அப்பா வயரு சொருகியிருக்கான்னு பாரும்மா” என்பார். அவளும் ஸ்பீக்கருக்குப் பின்னால் போய் நிஜமாகவே பார்த்துவிட்டு வருவாள்.