நாரங்கா வெள்ளமும் தீனி டாக்டரும்

நோயாளியோடு பாயில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு மருந்து எழுதிய டாக்டர் இந்தியாவிலேயே ஒருவர்தான் இருந்தார். அவர் எங்கள் மட்டாஞ்சேரியில் இருந்தார். வேறு ஊரிலும் அப்படி ஒருவர் உண்டு என்று யாராவது சொன்னால் நம்பமாட்டேன். நேரில் கொண்டுவந்து நிறுத்தினாலும் நம்பமாட்டேன்.

அவருடைய சொந்தப் பெயர் கிளினிக் பலகையில் எழுதியிருந்தது. அதைப் படித்தவர்கள் யாருமில்லை. ஊருக்கு அவர் தீனி டாக்டர். உடனே ஒரு பெரிய தொந்தியைக் கற்பனை செய்துகொள்ள வேண்டாம். ஆள் குடைக்கம்பி மாதிரி இருப்பார். மெட்ராஸில் படித்த மலையாளி. எங்களைப் போன்ற ராவுத்தர் வீடுகளில் அவர் பேசும் தமிழ் பாதியிலேயே மலையாளத்துக்குத் தாவிவிடும்.

வயிற்றுவலி என்று போனால் நாக்கை நீட்டச் சொல்லமாட்டார். "இன்னலெ எந்தா கழிச்சது?" என்று நேற்றைய சாப்பாட்டைத்தான் கேட்பார். சொன்னால் போதாது. வீட்டுக்கு வந்து அதையே சமைக்கச் சொல்லிச் சாப்பிட்டுப் பார்ப்பார். சுள்ளிக்கல்லில் ஒரு குமாஸ்தா தூக்கமே வரவில்லை என்றார். டாக்டர் பட்டப்பகலில் அவருடைய கட்டிலில் போய்ப் படுத்தார். சற்று நேரத்தில் முதுகைச் சொறிந்துகொண்டே எழுந்து, மனுஷனுக்கு மருந்து வேண்டாம், கட்டிலை வெந்நீரில் குளிப்பாட்டுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். வைப்பின் தீவில் ஒரு மீனவருக்குத் தீராத தலைவலி. கூடவே வள்ளத்தில் போன டாக்டர் கடலில் விழுந்தார். வலைபோட்டு எடுத்தார்கள் என்பது மிகை. கையைப் பிடித்துத்தான் தூக்கினார்கள். ஆனால் வெயிலில் கண்ணைச் சுருக்கிச் சுருக்கிப் பார்ப்பதுதான் தலைவலிக்குக் காரணம் என்று கண்டுபிடித்துக்கொண்டுதான் கரையேறினார்.

அப்பேர்ப்பட்டவர் எங்கள் வீட்டுக்கு வந்தது என்னால்.

கேரளம் என்று ஒரு மாநிலம் பிறந்த புதிது. நான் பள்ளிக்கூடத்தில் கடைசி வகுப்புக்கு வந்திருந்தேன். அப்பாவை நாங்கள் அத்தா என்போம். அத்தாவுக்கு யூதர்கள் குடியிருந்த ஜூ டவுன் பக்கத்தில் சுக்கு, மிளகு வியாபாரம். மழைக்காலத் தொடக்கத்தில் ஒரு கல்யாண வீட்டு நெய்ச்சோறு எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை. ஓரிரு நாளில் அடங்கியிருக்க வேண்டிய குமட்டல் அடங்கவே இல்லை. காலையில் எழுந்து கொஞ்ச நேரத்துக்கெல்லாம் வயிற்றைப் புரட்டும். பின்பக்கம் கிணற்றடிக்கு ஓடுவேன். மத்தியானத்துக்கு மேல் தேவலை. மறுநாள் காலையில் மறுபடியும் கிணற்றடி.

அத்தா ஒரு வைத்தியரிடம் கூட்டிப்போனார். பித்தம் என்றார் அவர். எறணாகுளத்து டாக்டர் வயிற்றில் பூச்சி என்றார். ஓதிக் கயிறும் கட்டினார்கள். எதற்கும் கேட்கவில்லை. எதிர்வீட்டு மாமி மட்டும் வேறு மாதிரி யோசித்தாள். வயசுப் பெண் காலையில் காலையில் வாந்தி எடுக்கிறாள், வெளியே சொல்லாதே என்று அம்மாவின் காதில் ஓதிவிட்டு, தானே வெளியே சொல்லிவிட்டாள்.

அதன்பிறகு அத்தா என் முகத்தைப் பார்த்துப் பேசவில்லை. பள்ளிக்கூடம் போக வேண்டாம் என்ற உத்தரவும் அம்மா வழியாகத்தான் வந்தது. தெருவில் யாராவது சிரித்தால் என்னைச் சொல்லித்தான் சிரிக்கிறார்கள் என்று தோன்றும். ஜன்னல் பக்கம் போவதையே விட்டுவிட்டேன். பொறுக்க முடியாமல் அம்மாதான் தீனி டாக்டருக்குச் சொல்லியனுப்பினாள்.

வந்தார். நாடி பார்த்தார். வயிற்றை அமுக்கிப் பார்த்தார். அம்மாவைத் தனியே அழைத்து ஏதோ கேட்டுவிட்டு, மாமி கிளப்பிய பேச்சையும் அம்மா சொல்லக் கேட்டுத் தலையாட்டினார். பிறகு எனக்குப் பக்கத்தில் பாயை விரித்து உட்கார்ந்துவிட்டார். நான் புட்டு சாப்பிட்டால் அவரும் புட்டு. நான் கப்பைக்கிழங்கும் மீன்கறியும் தொட்டால் அவரும் தொட்டார். மீன்கறியை மட்டும் மறுபடி கேட்டு வாங்கிக்கொண்டு, இது வைத்தியத்துக்கு இல்லை என்று ஒப்புக்கொண்டார். வீட்டிலிருந்த சுக்கு மூட்டையை முகர்ந்துவிட்டு அடுக்கடுக்காகத் தும்மினார். என் பூகோளப் புத்தகத்தை வாங்கி நான் படிக்கும் இடத்திலேயே உட்கார்ந்து சத்தம் போட்டுப் படித்தார். இதற்குள் கிளினிக்கில் காத்திருந்த நோயாளிகள் அவரைத் தேடிக்கொண்டு எங்கள் வராந்தாவுக்கே வந்துவிட்டார்கள். ஆப்பிரிக்காவை மடியில் வைத்துக்கொண்டே இருமலுக்கு மருந்து எழுதினார்.

சாயங்காலம் வரை அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. பெரிய ஏமாற்றம். கிளம்பும்போது, எழுந்ததும் முதலில் என்ன குடிப்பேன் என்று கேட்டார்.

வீட்டில் எல்லாருக்கும் சாயாதான். குமட்டல் வந்ததிலிருந்து எனக்கு மட்டும் நாரங்கா வெள்ளம். எலுமிச்சம்பழத்தைப் பிழிந்து, உப்புப் போட்டு, இஞ்சியைத் தட்டிப்போட்டு, முதல் நாள் ராத்திரியே செம்புப் பானையில் ஊறவைத்துவிடுவாள் அம்மா. குமட்டல் கூடக்கூட அவளும் பழத்தைக் கூட்டிக்கொண்டே போனாள்.

மறுநாள் விடிந்ததும் குடையோடு வந்து நின்றார். நேரே அடுக்களைக்குப் போய்ப் பானைக்குள் எட்டிப்பார்த்தார்.

"மோளு குடிக்கிற வெள்ளம் எனக்கும் ஒரு கிளாஸ் தா" என்றார் அம்மாவிடம். மோளு என்றால் மகள்; என்னைத்தான் சொன்னார்.

குடித்தார். இன்னொரு கிளாஸ் கேட்டு வாங்கிக் குடித்தார். என்னைக் குடிக்க விடவில்லை. அம்மாவும் நானும் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம். முகம் மெல்ல வெளுத்தது. நெற்றியில் வேர்வை. சட்டென்று எழுந்தவர் கிணற்றடிக்குப் போகவில்லை. முன்கதவைத் திறந்துகொண்டு தெருவில் இறங்கி, எதிர்வீட்டு வாசலுக்கு நேரே நின்று வாந்தி எடுத்தார். அந்தச் சத்தம் படகுத்துறை வரைக்கும் கேட்டிருக்கும். கதவுகள் எல்லாம் திறந்தன. மாமி பதறி ஓடிவந்து, டாக்டருக்கு என்ன ஆச்சு என்று கேட்டாள்.

டாக்டர் வாயைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தார். போரில் ஜெயித்துவிட்டு வந்த ராஜா மாதிரி இருந்தது முகம்.

"எனக்கும் காலம்பற வாந்தி வருது மாமி. இது எத்தனாவது மாசம்னு நீங்கதான் பார்த்துச் சொல்லணும்."

தெருவில் போய்க்கொண்டிருந்த மீன்காரி கூடையை இறக்கி வைத்துவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தாள். அவளைத் தொடர்ந்து தெருவே சிரித்தது. மாமி உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

அப்புறம் டாக்டர் பானையைக் கொண்டுவரச் சொல்லி எல்லாருக்கும் காட்டினார். உள்ளே பூசியிருந்த ஈயம் தேய்ந்துபோய், அடியில் பச்சையாகக் களிம்பு ஏறியிருந்தது. மழை என்று ஈயம் பூசுகிறவர் அந்தப் பக்கம் வரவே இல்லை. அந்தச் செம்பில் ராத்திரி முழுக்கப் புளிப்பு ஊறினால் களிம்பு தண்ணீரில் இறங்கும், அதுதான் வயிற்றைப் புரட்டுகிறது என்று விளக்கினார். என் பிள்ளைக்கு நானே விஷம் கொடுத்தேனா என்று அம்மா தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"மருந்து நல்ல மருந்துதான். பாத்திரம்தான் கொள்ளாது, சரியில்ல" என்றார் டாக்டர். "கண்ணாடி கிளாஸ்ல பிழிஞ்சு அப்பவே குடு."

அதற்கும் தேவையிருக்கவில்லை. பானையை நிறுத்தியதும் குமட்டலும் நின்றது. அத்தா அன்று மத்தியானமே கடையிலிருந்து வந்தார். மூலையில் கிடந்த என் புத்தகப் பையை எடுத்துத் தூசியைத் தட்டி என் கையில் கொடுத்தார். நாளைக்கு ஸ்கூலுக்குப் போ என்று என் முகத்தைப் பார்த்தே சொன்னார்.

படித்தேன். அறுபதுகளில் எங்கள் தெருவின் முதல் டீச்சரம்மா நான்தான். வேலை கிடைத்ததைச் சொல்லக் கிளினிக்குக்குப் போனபோது, ரொம்ப நாளாக மனசில் இருந்ததைக் கேட்டேன். பானைக்குள் எட்டிப்பார்த்ததுமே உங்களுக்குத் தெரிந்திருக்குமே, அப்புறம் எதற்காக இரண்டு கிளாஸ் குடித்தீர்கள் என்று.

டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"பார்த்தா எனக்கு மட்டும்தானே தெரியும், மோளே. தெருவுக்குத் தெரிய வேண்டாமா?"

எத்தனையோ பேர் தங்களுக்காக யார் யாரோ என்னென்னவோ செய்ததாகப் பெருமை பேசுவார்கள். எனக்காக ஒரு மனிதர் நடுத்தெருவில் நின்று வாந்தி எடுத்திருக்கிறார்.