தியாகி வீட்டு வாசலில் மைக் செட்

“அப்பா, இவங்க நிறுத்தப் போறாங்களா, இல்ல நான் கிளம்பட்டுமா?”

மகள் கத்தித்தான் கேட்டாள். கத்தாவிட்டால் காதில் விழாது. படுக்கையறை ஜன்னலுக்கு நேர் எதிரே, விளக்குக் கம்பத்தில் கட்டியிருந்த குழாய் ஸ்பீக்கர் விடிவதற்கு முன்பே தொடங்கிவிட்டது. வரிசையாகச் சுதந்திரப் பாட்டுகள். ஒரு பாட்டு முடிந்து அடுத்தது ஆரம்பிக்கும் சின்ன இடைவெளியில் மட்டும் கைக்குழந்தை வீறிட்டு அழுவது கேட்டது.

குழந்தைக்குக் காய்ச்சல். அன்று அதிகாலையில்தான் உடம்பு குளிர்ந்து கண்ணயர்ந்திருந்தது. தூக்கம்தான் இனி மருந்து என்று டாக்டர் சொல்லி அனுப்பியிருந்தார்.

“கிளம்பறதா? எங்க?”

“அவர் வீட்டுக்கு.”

“சம்பந்தி வீட்டுக்கா? நாலு நாள் பேத்தியை வெச்சுக்கத் துப்பில்லாம அனுப்பிட்டாருன்னு அவங்க பேசறதுக்கா?”

“பேசட்டும்பா. பேசறது காதுல விழற வீடா இருந்தா போதும்.”

அவருக்குச் சுரீரென்றது. அந்தத் தெருவில் அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. ‘தியாகி வீட்டு சார்’ என்றுதான் சொல்வார்கள். நாட்டின் விடுதலைக்காகச் சிறைக்குப் போனவர் அவருடைய அப்பா. கூடத்துச் சுவரில் அவர் படம் தொங்கியது. அந்தப் பெயரில் ஒரு தூசு படாமல் காப்பது மகனின் பொறுப்பு. அதனால்தான் ஆண்டுதோறும் கொடியேற்றத்துக்கு வராமல் வீட்டில் படுத்துக்கொள்பவர்களை, மறுநாள் கடைத்தெருவிலேயே நிறுத்தி வைத்து நன்றாகக் கேட்டுவிடுவார். கேட்காமல் எப்படி இருப்பது? வாங்கிய சுதந்திரத்தை இவர்கள் விடுமுறை நாளாக்கித் தூங்கிக் கழித்தால், சிறையில் கிடந்தவனுக்கு என்ன மரியாதை?

“ஒரு வார்த்தை சொல்லிட்டு வாங்களேன்” என்றாள் மனைவி. “உங்க தெருதானே.”

“என்னன்னு சொல்றது? சுதந்திர நாளும் அதுவுமா, சுதந்திரப் பாட்டை நிறுத்துன்னு இந்த வீட்டு வாயிலேருந்து வரலாமா?”

“நிறுத்தச் சொல்லவேணாம். குறைக்கச் சொல்லுங்க.”

“குறைச்சுக் கேட்டா மட்டும் கௌரவமா?”

“அப்ப உங்க கௌரவத்தைத் தூக்கித் தொட்டில்ல போட்டு ஆட்டுங்க. குழந்தை கிளம்பிடும்.”

அவர் சட்டையை மாட்டிக்கொண்டு இறங்கினார்.

மேடைக்குப் பக்கத்தில் மைக் செட்காரர் ஒரு பெட்டியின்மேல் உட்கார்ந்திருந்தார். இரண்டு காதிலும் பஞ்சு. ஊரைச் செவிடாக்கிவிட்டுத் தன் காதை மட்டும் பத்திரப்படுத்திக்கொள்கிறான் பார் என்று சாருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தெருச் சங்கத் தலைவரான மருந்துக்கடைக்காரர் காகிதக் கொடிகளைக் கயிற்றில் ஒட்டிக்கொண்டிருந்தார்.

“இந்தச் சத்தம் இருக்கே…” என்று சார் தொடங்கினார்.

மருந்துக்கடைக்காரர் கையிலிருந்த கொடியைக் கீழே விட்டுவிட்டார். “சத்தத்துக்கு என்ன சார்?”

“கொஞ்சம் குறைச்சா என்ன?”

“நீங்களா சார் இதைக் கேக்கறீங்க?” மருந்துக்கடைக்காரரின் கண்கள் அகல விரிந்தன. “தியாகி வீட்டுலேருந்தா?”

நாற்காலி போட்டுக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். சாருக்கு உச்சந்தலைவரை சூடேறியது. என்ன ஏளனம்! போன வருஷம் கொடியேற்றம் நடக்கும்போதே கடையைத் திறந்து இருமல் மருந்து விற்றவன், இன்று எனக்கே தேசபக்தி சொல்லித் தருகிறான்! முதுகு தானாகவே நிமிர்ந்தது.

“சும்மா கேட்டுப் பார்த்தேன்யா. தெரு முனை வரைக்கும் கேக்கவேண்டாமா? ஒத்தைக் குழாயைக் கட்டி வெச்சுக்கிட்டு இது என்ன விழா?”

சொல்லி முடித்த பிறகுதான், சொன்னது என்னவென்று அவருக்கே உறைத்தது.

“அதானே பார்த்தேன்!” மருந்துக்கடைக்காரர் பெருமூச்சு விட்டார். “யப்பா மைக் செட்டு! இன்னொரு குழாய் எடு. சார் வீட்டு மதில்லயே கட்டிடு. அந்த மரியாதைகூடச் செய்யலன்னா எப்படி?”

சார் வீட்டுக்குள் நுழைந்தபோது மதில்மேல் புதுக்குழாய் பாடத் தொடங்கியிருந்தது. மனைவி அதையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“பாதியாக்கிட்டு வாங்கன்னு அனுப்பினா, ரெண்டாக்கிட்டு வந்திருக்கீங்க.”

மகள் குழந்தைத் துணிகளைப் பைக்குள் மடித்து வைத்துக்கொண்டிருந்தாள். அந்தப் பைதான் அவரை மறுபடி வாசலுக்குத் துரத்தியது. அப்போதுதான் பளிச்சென்று ஒரு யோசனை உதித்தது. யாரும் குறை சொல்ல முடியாத யோசனை.

“தலைவரே, உயிர் விட்டவங்களுக்கு மௌன அஞ்சலி வைக்கலையா?”

மருந்துக்கடைக்காரர் வெலவெலத்துப் போனார். “மறந்துட்டோம் சார். மன்னிக்கணும். உடனே வெச்சுடலாம்.”

“நீளமா வைங்க. அவசரமே இல்ல. அரைமணி நேரம்னாலும் தப்பில்ல.”

மறு நிமிடம் இரண்டு குழாய்களும் ஒன்றாக அலறின.

“அன்பார்ந்த பொதுமக்களே! இன்னும் சற்று நேரத்தில் மௌனம்! தியாகி வீட்டு சார் அவர்களின் விருப்பப்படி மாபெரும் மௌனம்! வீட்டிலே இருப்பவர்கள், கடையிலே இருப்பவர்கள், அனைவரும் திரண்டு வந்து அமைதி காக்குமாறு கேட்டுக்கொள்கிறோம்! மௌனம்! மௌனம்! மௌனம்!”

பாட்டாவது தாளத்தோடு வந்தது. இந்த அறிவிப்புக்கு அதுவும் இல்லை. அது ஓயாமல் திரும்பத் திரும்பக் கேட்டது. ஒருவழியாக மௌனம் வந்தபோது, சார் ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தார். மகளின் தோளில் குழந்தையின் இமைகள் மெல்லத் தாழ்ந்தன. ஒரு மூச்சு, இன்னொரு மூச்சு. அவர் உதட்டில் விரலை வைத்துக்கொண்டு நின்றார்.

“மௌனம் முடிந்தது! இந்த அரிய மௌனத்தை நமக்கு வழங்கிய சாருக்கு ஒரு பலத்த கைதட்டல்!”

தெருவே தட்டியது. குழந்தை துள்ளி விழுந்து அழுதது.

“அம்மா, டாக்ஸிக்குச் சொல்லிட்டேன்” என்றாள் மகள்.

அதன் பிறகு அவர் செய்தது, அவர் வயதுக்கும் குடும்பத்துக்கும் ஏற்ற காரியமே அல்ல. மைக் செட்டுக்குக் கரண்ட் தையல்கடையிலிருந்து போனது. பின்பக்கச் சந்து வழியாகப் பூனைபோல் நடந்து, கடைக்குள் நுழைந்து, சுவரிலிருந்த பிளக்கைப் பிடுங்கினார். பாட்டு பாதியில் செத்தது. சிறைக்குப் போன தியாகியின் பிள்ளை, திருடனைப்போல ஒயரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறானே என்று நெஞ்சு குமுறியது. திரும்பினார். வாசலில் தையல்கடைக்காரர். அவர் காதிலும் பஞ்சு.

“சார்…? என்ன சார் பண்றீங்க?”

“ஒயர் சூடா இருந்துச்சு. அதான் கழட்டிப் பார்த்தேன். நடுவுல கரண்ட் நின்னு போனா என்ன ஆகிறது?” எங்கிருந்துதான் அந்த வார்த்தை வந்ததோ!

தையல்கடைக்காரர் காதுப் பஞ்சை அவசரமாக எடுத்துச் சட்டைப்பைக்குள் திணித்தார். நெற்றியில் வியர்வை. “பாட்டு நின்னுடக் கூடாதேன்னு நீங்களே நேர்ல வந்து பார்க்கறீங்களே! நான் பொறுப்பில்லாம இருந்துட்டேன் சார். மனசுல வெச்சுக்காதீங்க. என்கிட்ட ஜெனரேட்டர் இருக்கு.”

“அதெல்லாம் வேணாம்…”

“இல்ல சார், நீங்க சொன்னதுக்கு அப்புறம் விடமாட்டேன்.”

ஜெனரேட்டர் சார் வீட்டு கேட்டுக்குப் பக்கத்தில், படுக்கையறை ஜன்னலுக்கு நேர் கீழே வந்து உட்கார்ந்து உறுமியது. ஊருக்கே கரண்ட் போனாலும் இனிமேல் பாட்டு நிற்காது என்று தையல்கடைக்காரர் உறுதி கொடுத்தார். ஜன்னல் கண்ணாடிகள் கிடுகிடுத்தன. மனைவி அவரிடம் ஏதோ கேட்டாள். அது அவர் காதில் விழவில்லை.

டாக்ஸி வந்து நின்றது. மகள் குழந்தையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு படியிறங்கினாள். அவள் தன்னைத் திரும்பிப் பார்ப்பாள் என்று காத்திருந்தார். பார்க்கவில்லை. அதே நேரம் மேடையிலிருந்து மருந்துக்கடைக்காரரின் குரல்: “இப்போது தியாகி வீட்டு சார் அவர்கள் சுதந்திரத்தைப் பற்றி உரையாற்றுவார்கள்!”

அவர் மேடைக்கு நடந்த நடையில் நாற்காலிகள் தானாகவே வழிவிட்டன. மைக்கைப் பிடித்தார். பேசுவதற்கென்று இத்தனை வருஷமாக மனப்பாடம் செய்து வைத்திருந்ததில் ஒரு சொல்கூட நினைவுக்கு வரவில்லை.

“எங்கப்பா ஜெயிலுக்குப் போனது எதுக்கு?” என்று கேட்டார். “ஒரு மனுஷன் மனசுல பட்டதை வாய்விட்டுச் சொல்லணும், அதுக்கு யாருக்கும் பயப்படக் கூடாதுன்னுதானே? அவர் பெத்த பிள்ளை நான், காலையிலேருந்து ஒரே ஒரு வார்த்தையைச் சொல்லப் பயந்து முழுங்கிக்கிட்டுத் திரியறேன். யாருக்குப் பயம்? வெள்ளைக்காரனுக்கா? அவன் போய் எத்தனை காலமாச்சு! அக்கம்பக்கத்துக்குப் பயம்! நாலு பேர் என்ன சொல்வாங்களோன்னு பயம்! வெட்கமா இருக்கு எனக்கு. என் பேத்திக்கு உடம்பு சரியில்ல. அவ தூங்கணும். பாட்டை நிறுத்துங்க, ஜெனரேட்டரையும் நிறுத்துங்க. இதைக் கேட்டதுக்கு என்னைத் துரோகின்னு சொல்றவன் இங்கேயே, என் முகத்துக்கு நேரா சொல்லட்டும்!”

மார்பை நிமிர்த்திக்கொண்டு முதல் வசைக்காகக் காத்திருந்தார்.

ஒன்றும் வரவில்லை. ஜெனரேட்டர் ஒரு தரம் இருமிவிட்டு அடங்கியது. குழாய்கள் ஊமையாயின. எந்த வீட்டிலோ பாத்திரம் கழுவும் சத்தம்கூடத் தெளிவாகக் கேட்டது. மருந்துக்கடைக்காரர் இரண்டு கைகளாலும் தலையைப் பிடித்துக்கொண்டு, பெரிய பாரத்தை இறக்கியவர்போல நாற்காலியில் சரிந்திருந்தார். டாக்ஸியின் திறந்த கதவருகே மகள் நின்றாள். தோளில் கிடந்த குழந்தையைக் குனிந்து பார்த்தாள். பிறகு டிரைவரிடம் ஏதோ சொல்லி, பையைத் திரும்ப எடுத்துக்கொண்டு படியேறினாள்.

சார் மேடையை விட்டு இறங்கினார். எதிர்ப்புக்குத் தயாராகி வந்த கோபம் செலவாகாமல் அப்படியே மிச்சமிருந்தது. அதைக் கொட்ட மைக் செட்காரர்தான் கிடைத்தார்.

“ஏன்யா, இவ்வளவு சுலபமா நிறுத்தத் தெரிஞ்சவன், காலையிலேருந்து ஏன்யா இப்படி அலறவிட்டே? குழந்தை குட்டி இருக்கற தெருவாச்சேன்னு உனக்குத் தோணலையா? ஒருத்தருக்காவது வந்து கேக்கற தைரியம் இல்லையா இந்தத் தெருவுல?”

மைக் செட்காரர் காதிலிருந்த பஞ்சை எடுத்தார். ஒயரைச் சுருட்டிக்கொண்டே, குழந்தை எழுந்துவிடாதபடி மெதுவாகச் சொன்னார்:

“எல்லா வீட்டுலேருந்தும் வந்து நிறுத்தத்தான் சொன்னாங்க ஐயா, ‘ஆனா தியாகி வீட்டு சார் நாளைக்குக் கடைத்தெருவுல நம்ம மானத்தை வாங்கிடுவாரு, ஓடட்டும்’னு அவங்களே திரும்பிப் போயிட்டாங்க, நீங்க வந்து குறைக்கச் சொன்னப்பகூட, யார் தலையாட்டறாங்கன்னு வேவு பார்க்கத்தான் வந்திருக்கீங்கன்னு தலைவருக்கு வேர்த்துக் கொட்டிடுச்சு.”