பரிசோதகர் வண்டி பார்க்கிறார்

"இது சரிப்படாதுங்க" என்றாள் மனைவி.

பேனா மூடியைத் திறந்த கையோடு பரிசோதகர் அப்படியே நின்றார். வாசலில் பச்சை வண்டி ஒன்று இன்னும் சூடு ஆறாமல் நின்றிருந்தது. கையெழுத்து விழப்போகிறது என்ற நம்பிக்கையில் மீசையை முறுக்கிக்கொண்டிருந்த விற்பனைக்காரரின் விரல் பாதி முறுக்கில் நின்றுவிட்டது.

"ஏன், என்ன குறை? நூத்துக்கு எழுபத்தொண்ணரை வாங்கியிருக்கு!"

"சத்தம் காதைப் பிளக்குது. பக்கத்து வீட்டுத் தையல்காரம்மாவுக்கு ஊசியில நூல் கோக்க முடியலையாம். நாளைக்கு அவங்க மூஞ்சியில நான்தானே முழிக்கணும்?"

பரிசோதகர் யோசித்தார். சத்தம் என்ற தலைப்பே அவருடைய பதிவேட்டில் இல்லை. இருபத்தாறு தலைப்பு போட்டவருக்கு இருபத்தேழாவது தோன்றாமல் போனதில் மனிதருக்கு வெட்கமாகிவிட்டது. பேனாவை மூடினார். மீசைக்காரர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு வண்டியில் ஏறிப் போனார்.

பரிசோதகர் என்பது அவருக்கு வேலை கொடுத்த பெயர். தகர டப்பா செய்யும் தொழிற்சாலையில் முப்பத்திரண்டு வருடம் டப்பாக்களைத் தட்டிப் பார்த்து, "செல்லாது" என்று முத்திரை குத்திய கை அது. டப்பாவுக்குள் என்ன போடுவார்கள் என்று ஒருநாளும் அவர் கேட்டதில்லை. அது வேறு இலாகா. ஓய்வு பெற்ற பிறகு கை சும்மா இருக்குமா? கதவுத் தாழ்ப்பாள், செருப்பு, மருமகன் என்று கண்ணில் பட்டதற்கெல்லாம் மார்க் போட்டார். மருமகனுக்கு நாற்பத்தொன்று. அதிலும் நாலு கருணை மார்க்.

இப்போது வண்டிக்கு வந்த கதை இதுதான். வீட்டுக்குப் பின்னால் மேடு, மேட்டுக்கு மேலே அவர்களுக்குச் சொந்தமான சின்ன மரக்காடு. போன புயலில் விழுந்த மரங்களை மரவெட்டி துண்டு போட்டு, அங்கேயே பதினோரு அடுக்காக அடுக்கிவிட்டுப் போயிருந்தார். அதை வீட்டுக்குக் கொண்டுவந்து சேர்க்க வேண்டும். போன வருடம் ஒற்றைச் சக்கரத் தள்ளுவண்டியில் பரிசோதகரே இறக்கினார். பாதி இறக்குவதற்குள் மழை வந்துவிட்டது. குளிர்காலம் முழுக்க நனைந்த விறகு, வீடு முழுக்கப் புகை. மனைவி இருமி இருமி விலா எலும்பே வலி கண்டுவிட்டது.

"இந்த வருஷமும் மழைக்கு முன்னாடி விறகு கொட்டகைக்குள்ள வரலைன்னா, நான் எங்க அண்ணன் வீட்டுக்குப் போயிடுவேன். அங்க ஹீட்டர் இருக்கு" என்று அவள் சொல்லியிருந்தாள். கோபமாகச் சொல்லியிருந்தால் பரவாயில்லை. துணி மடித்துக்கொண்டே சாதாரணமாகச் சொன்னாள். அதில்தான் பரிசோதகர் பயந்துபோனார். அவள் இல்லாத வீட்டில் அவருக்கு ஒரு நாள் ஓடாது. யார் சமைப்பது என்பது ஒரு பக்கம் இருக்கட்டும், அவர் போடும் மார்க்கை யார் காது கொடுத்துக் கேட்பது?

"ரெண்டு ஆள் வெச்சா மூணு நாள்ல இறக்கிடலாமே?" என்று அவள் கேட்டுப் பார்த்தாள்.

"வருஷா வருஷம் ஆள் தேடி அலையறதா? ஒரு வண்டி வாங்கிப் போட்டா ஆயுசுக்கும் ஆச்சு!"

அவள் பெருமூச்சு விட்டாள். குடை வாங்க எட்டு மாதம் எடுத்துக்கொண்ட மனிதர் அவர். அந்த மழைக்காலம் முழுக்க நனைந்ததுதான் மிச்சம்.

அவர் பார்த்து வைத்திருந்த ரகத்துக்குக் கடைக்காரர்கள் சைடு-பை-சைடு என்று பெயர் சொன்னார்கள். முன்னால் இரண்டு பேர் அருகருகே உட்காரலாம், பின்னால் சரக்குத் தொட்டி. நாலு சக்கரமும் இழுக்கும். ஜீப்புக்குத் தம்பி, டிராக்டருக்கு மச்சான் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஊரில் மூன்று கடைகள் அதை விற்றன. மூன்றிலும் போய்ப் பரிசோதகர் ஒரே விதியைத்தான் சொன்னார்.

"வெறும் வண்டியை ஓட்டிக் காட்டுற வேலையே வேண்டாம். எங்க காட்டுல, முழுப் பாரம் ஏத்தி, மேட்டுல இறக்கிக் காட்டணும். அதுக்கப்புறம்தான் பேச்சு."

"காட்டிட்டாப் போச்சு சார்!" என்றார்கள் மூன்று பேரும். பாவம்.

இரண்டாவது வண்டி பேட்டரியில் ஓடுவது. கழுத்தில் டை கட்டிய விற்பனைக்காரர் கொண்டுவந்தார். பூனை நடப்பதுபோல் மேட்டிலிருந்து இறங்கி வந்து நின்றது. பரிசோதகர் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, மடியில் பதிவேடு, ஒரு கண் கடிகாரத்தில், ஒரு கண் மீட்டரில். மார்க் எண்பதைத் தொட்டுவிட்டது! பேனாவைத் திறந்தார்.

"அய்யய்யோ, சத்தமே இல்லையே!" என்றாள் மனைவி.

"நீதானே சத்தம் வேண்டாம்னே?"

"அதுக்காக இப்படியா? நான் பாட்டுக்குத் துணி காயப்போட்டுட்டு நிப்பேன். பின்னாடி வந்து மேல ஏறினாக்கூடத் தெரியாது. உங்களுக்கு மார்க் பெருசா, நான் பெருசா?"

இதற்கு எந்தப் புருஷன் பதில் சொல்லித் தப்பித்திருக்கிறான்? பேனா மறுபடி மூடப்பட்டது.

"சரி, நீங்க உள்ள போய் நிதானமா மார்க் போடுங்க. இறக்குறதை நான் பாத்துக்கறேன்" என்று அவரை முன்னறைக்கு அனுப்பிவிட்டு, அவள் டைக்காரர் பக்கம் திரும்பினாள். "தம்பி, உங்களுக்கு ஒரு டீ. பாவம், ஒரு லோடுதான் ஏத்தினீங்க. மீசைக்காரர் ரெண்டு லோடு ஏத்திக் காட்டினாரு."

டைக்காரர் டீயைக்கூடக் குடிக்காமல் மேலும் இரண்டு லோடு இறக்கினார்.

மூன்றாவது வண்டியைச் சிவப்புத் தொப்பிக்காரர் கொண்டுவந்தார். வண்டி அல்ல அது, சக்கரம் வைத்த அறை. வாசல் கேட்டுக்குள் நுழையவே இல்லை.

"கேட்டுதானே இடிக்குது? கழட்டிட்டாப் போச்சு!" என்றார் பரிசோதகர். கேட்டையும் கழற்றி, இரண்டு கல் தூணையும் பெயர்த்தார்கள். அரைநாள் போயிற்று. வண்டி உள்ளே வந்தது, மேட்டில் ஏறியது, ஒரே நடையில் மற்ற வண்டிகளின் மூன்று லோடை அள்ளி வந்தது. எண்பத்திரண்டேகால்!

"ஏறுறதுக்கு ஏணி வேணும்போல இருக்கே" என்றாள் மனைவி. "என் முட்டிக்கு ஆகுமா இது?"

அவள் முட்டியைப் பற்றியும் தலைப்பு இல்லை. பரிசோதகர் தன் தலையில் தானே குட்டிக்கொண்டார். அவசரத்தில் கை பட்டு டீ டம்ளர் பதிவேட்டின் மேல் கவிழ்ந்தது. மனைவி அதைத் துடைத்து, வெயிலில் காயட்டும் என்று மதில் மேல் விரித்து வைத்தாள்.

கேட் இல்லாத வீட்டுக்குள் யார் வேண்டுமானாலும் வரலாம் அல்லவா? தையல்காரம்மாவின் வெள்ளாடு வந்தது. பரிசோதகர் எட்டிப் பார்த்தபோது மூன்று வண்டிகளின் மார்க்கும் அதன் வாய்க்குள் போய், அட்டை மட்டும் வெளியே தொங்கிக்கொண்டிருந்தது.

"ஐயோ, என் பதிவேடு!"

"ஐயோ, என் ஆடு!" என்று வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து தையல்காரம்மா ஓடி வந்தாள். "பேனா மையெல்லாம் தின்னுருச்சே அண்ணே! வயித்துக்கு ஏதாவது ஆச்சுன்னா யாரு பாக்குறது?"

பரிசோதகர் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். மார்க் இல்லாமல் எப்படித் தேர்ந்தெடுப்பது? ஞாபகத்தை வைத்து எழுதுவதா? முப்பத்திரண்டு வருட நேர்மை என்ன ஆவது?

"மறுபரீட்சை வெச்சுடுங்க" என்றாள் மனைவி ஆறுதலாக.

வைத்தார். புதுப் பதிவேடு, இந்த முறை முப்பத்தொரு தலைப்பு. மூன்று பேரும் மறுபடி வந்தார்கள். ஒருவர் மூன்று லோடு இறக்கினால் அடுத்தவர் நாலு, அதற்கடுத்தவர் ஐந்து. இவ்வளவு கேட்கிற மனிதர் கட்டாயம் வாங்குவார் என்று ஒவ்வொருவரும் நம்பினார்கள். டைக்காரர் இரண்டாம் நாளே டையைக் கழற்றி, சிதறுகிற விறகைக் கட்டப் பயன்படுத்த ஆரம்பித்துவிட்டார். மீசைக்காரருக்கு மீசை தொங்கிப்போயிற்று. மனைவி அலுக்காமல் டீ போட்டாள். பரிசோதகர் முன்னறையில் உட்கார்ந்து கூட்டினார், கழித்தார், அரை மார்க்குக்கு அடித்துத் திருத்தினார்.

மழை வியாழக்கிழமை என்று வானொலி சொன்னது. புதன்கிழமை மத்தியானம் பரிசோதகர் மேசையை ஓங்கித் தட்டினார்.

"முடிவு பண்ணிட்டேன். பச்சை வண்டி!"

ஏதாவது சொல்வாள் என்று மனைவியின் முகத்தைப் பார்த்தார். அவள் கையைத் துடைத்துக்கொண்டே, "உங்க இஷ்டம்" என்றாள்.

அவருக்கே நம்ப முடியவில்லை. மனசு மாறுவதற்குள் கடைக்கு ஓடினார். அவர் தலை தெரிந்ததுமே மீசைக்காரர் மேசைக்கு அடியில் எதையோ தேடுவதுபோல் குனிந்துவிட்டார்.

"சார், சத்தியமா இன்னொரு டிரையலுக்கு என் இடுப்பு தாங்காது!"

"டிரையல் இல்லைய்யா, வாங்கத்தான் வந்திருக்கேன்!"

மீசைக்காரர் எழுந்தார். அவர் கண் கலங்கியது.

"இதை நீங்க பத்து நாளைக்கு முன்னாடி சொல்லியிருக்கக் கூடாதா சார்? உங்க மேட்டுல ஏறி ஏறியே அதோட அச்சு போயிருச்சு. புது வண்டி வர நாப்பது நாள் ஆகும்."

பரிசோதகர் வெளியே வந்தார். வழுக்கைத் தலையில் முதல் துளி விழுந்தது. வானொலி சொன்ன வியாழன் வரைக்கும் மழைக்குப் பொறுக்கவில்லை.

அவருக்கு அழுகை வந்துவிட்டது. மூன்று வாரம்! கையாலேயே தள்ளியிருந்தால்கூட நாலு அடுக்கு இறங்கியிருக்கும். வீட்டுக்கு ஓடி, யாருக்கும் சொல்லாமல் பழைய தள்ளுவண்டியை எடுத்துக்கொண்டு மேட்டில் ஏறினார். இருட்டுவதற்குள் ஒரு அடுக்காவது காய்ந்தபடி போய்ச் சேரட்டும், அவளுடைய இருமல் ஒரு மாதமாவது தள்ளிப்போகட்டும் என்று மூச்சு வாங்க ஏறினார்.

மேலே ஒன்றுமே இல்லை. பதினோரு அடுக்கு இருந்த இடத்தில் மரப்பட்டையும் தூளும்தான் கிடந்தன.

"திருட்டு! திருட்டு!" என்று கத்திக்கொண்டே, காலித் தள்ளுவண்டி முன்னால் இழுக்க, அவர் பின்னால் தடதடவென்று இறங்கி வந்தார். பின்வாசலில் மனைவி நின்றிருந்தாள்.

"போச்சு! எல்லாம் போச்சு! ஒரு குச்சி பாக்கியில்லாம எவனோ அள்ளிட்டுப் போயிட்டான்!" அவர் தலையில் அடித்துக்கொண்டார். "தப்பு என்மேலதான். மார்க் மார்க்னு உட்கார்ந்துட்டேன். உன்னை மறுபடி இரும வைக்க மாட்டேன்மா. உங்க அண்ணனுக்கு நானே போன் பண்ணிச் சொல்றேன், நீ கெளம்பு."

மனைவி முந்தானையால் அவர் தலையைத் துவட்டிவிட்டாள். அவள் கண்ணும் லேசாகக் கலங்கித்தான் இருந்தது.

"முதல்ல அந்தத் தள்ளுவண்டியைக் கொட்டகையில வெச்சுட்டு வாங்க. நனைஞ்சா துருப்பிடிக்கும்" என்று இடுப்பிலிருந்த சாவியைக் கொடுத்தாள்.

பரிசோதகர் மூக்கை உறிஞ்சிக்கொண்டே பூட்டைத் திறந்தார். கதவு பாதிக்கு மேல் திறக்கவில்லை. உள்ளே தரையிலிருந்து கூரை வரைக்கும், எலி நுழைய இடமில்லாமல் விறகு. காய்ந்த, கணீரென்ற விறகு. நடுவில் ஒரு கட்டைச் சுற்றி நீலக் கோடு போட்ட டை ஒன்று இறுக்கி முடிச்சுப் போட்டிருந்தது.

பரிசோதகர் அந்த டையைத் தொட்டுப் பார்த்தார். திரும்பி மனைவியைப் பார்த்தார். மறுபடி டையைப் பார்த்தார்.

"இது... இதெல்லாம் சோதனைப் பாரமாச்சே!" என்றார்.

மனைவி பதில் சொல்வதற்குள், வேலிக்கு மேலே ஒரு குடை எழும்பியது. குடைக்குக் கீழே தையல்காரம்மா.

"அக்கா, உங்க விறகுதான் முடிஞ்சுபோச்சே! மழை விட்டதும் அண்ணனை எங்களுக்கும் ஒரு வண்டி பாக்கச் சொல்லுங்களேன். எங்களுது தார்ப்பாய் போட்டு மூடி வெச்சிருக்கு, ஆறே அடுக்குதான். ரெண்டு கடை போதும்!"