தலைக்கு மேல் உத்தரம் கூடாது

பதுளை, கடைவீதி
அட்சய வருஷம், மாசி மாதம்

மகாராஜராஜஸ்ரீ மச்சான் கதிர்காமநாதன் அவர்கள் சமுகத்துக்குத் தங்கை புருஷன் சிதம்பரநாதன் அநேக நமஸ்காரம். இவ்விடம் நானும் தங்கள் தங்கை வடிவம்மாவும் மகள் அன்னலட்சுமியும் க்ஷேமம். க்ஷேமம் என்று வழக்கத்துக்கு எழுதிவிட்டேனே தவிர, அதில் ஒரு எழுத்தும் உண்மையில்லை. எல்லாம் தாங்கள் போன தடவை கொழும்பிலிருந்து வந்தபோது, "மாப்பிள்ளை, மரத்தைக் கரையான் தின்னும், கான்கிரீட்டைத் தின்னாது" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு ரயிலேறினீர்களே, அதனால் வந்த வினை. கரையான் தின்னவில்லை, வாஸ்தவம். கான்கிரீட் என்னைத் தின்கிறது.

கடைக்குப் பின்னால் கூடமும் அதற்கு மேல் ஒரு மாடியும் கட்டுவது அன்னலட்சுமியின் பரிசத்துக்காகத்தான் என்பது தாங்கள் அறிந்ததே. கீழே சம்பந்தம் பேசி, மேலே சாப்பாடு போடுவதாக ஏற்பாடு. பையன் பசறைப் பக்கத்துத் தோட்டத்தில் கணக்கப்பிள்ளை. தங்கமான பையன். அன்னலட்சுமிக்கும் மனசுக்குப் பிடித்துவிட்டது. அவன் தகப்பனார் பெரிய கங்காணி வீரய்யாதான் விஷயம். ஒரு தோட்டத்து ஆட்களையே கட்டி மேய்க்கிற மனுஷன், தலைக்கு மேல் உத்தரம் ஒன்று போனால் வெலவெலத்துவிடுகிறார். உத்தரத்துக்குக் கீழே உட்கார்ந்து பேசிய சம்பந்தம் முறிந்துபோகும் என்பது அவர் கட்சி. மூத்த பையனுக்குப் பெண் பார்க்க வெலிமடைக்குப் போனவர், காப்பியைக் குடித்துக்கொண்டே நிமிர்ந்து பார்த்தாராம், மேலே உத்தரம். டம்ளரை வைத்துவிட்டு எழுந்து வந்தவர்தான், அந்தச் சம்பந்தம் அதோடு சரி. சாப்பிடும்போது மட்டும் மேலே என்ன இருந்தாலும் கவலையில்லையாம், பேச்சுக்குத்தான் ஆகாதாம். "முதலாளி, உங்க வீட்ல பேசுறப்ப தலைக்கு மேல ஒண்ணும் ஓடாதுல்ல?" என்று என்னிடம் நேரிலேயே கேட்டார். "ஒண்ணும் ஓடாதுங்க" என்று நானும் மார்தட்டிவிட்டு வந்தேன்.

கட்டட வேலை அறிந்தவராயிற்றே என்று உடனே தங்களுக்கு எழுதினேன். தாங்களும் பதில் போட்டீர்கள்: தளத்தில் பல ஜாதி உண்டு, உத்தரத்தின் மேல் உட்காருவது ஒன்று, தூண்களின் தலையை அகலமாக விரித்து அதன்மேல் நேரே உட்காருவது ஒன்று, நடுவே துளையுள்ள ஓடுகளை அடுக்கி அடியில் வழவழவென்று பூசிவிடுவது இன்னொன்று, கீழே நின்று நிமிர்ந்து பார்த்தாலே பிரித்துச் சொல்லிவிடலாம் என்று. நிமிர்ந்து பார்த்தேன் மச்சான், பதுளையில் புதுக் கட்டடம் ஒன்று விடாமல் நிமிர்ந்து பார்த்தேன். ஒரு கிடங்கில் காவற்காரன் நான் கன்னம் வைக்க வந்தவனென்று கழியைத் தூக்கிக்கொண்டு வந்தான். பிடரி பிடித்துக்கொண்டு, இரண்டு வாரமாக மோட்டுவளையைப் பார்த்துக்கொண்டே பருப்பு நிறுத்தேன், தராசு எந்தப் பக்கம் சாய்ந்ததென்று அந்த முருகனுக்குத்தான் வெளிச்சம்.

சரி, தூண்தளமே போடலாம் என்று கொத்து வேலைக்கார மேசன் பாஸ் பலீலைக் கூட்டிவந்து கரித்துண்டால் சுவரில் வரையச் சொன்னேன். வடிவம்மா பார்த்தாள். "இதென்னங்க, கூடத்துக்குள்ள நாலு குடையை விரிச்சு வச்ச மாதிரி இருக்கு? வீட்டுக்குள்ள குடை விரிக்கலாமா?" என்றாள். போயிற்று தூண்தளம். அடுத்தது ஓட்டுத்தளம். அடியெல்லாம் சமம், ஒன்றும் தெரியாது என்றதும் அவளுக்குப் பரம திருப்தி. இந்தப் பலீல் அதோடு வாயை மூடிக்கொண்டிருக்கக் கூடாதா? அவன் நாக்கில் சனி. "பயப்படாதீங்க அம்மா, ரொம்பப் பலம். ஓட்டுக்கும் ஓட்டுக்கும் நடுவுல வரிசையா சின்னச் சின்ன உத்தரம் ஒளிஞ்சிருக்கு" என்றான். அவ்வளவுதான்! "வெளிய தெரியிற ஒண்ணுக்கே அந்த மனுஷன் எந்திரிச்சுப் போயிட்டாரு, ஒளிச்சு வச்சு ஏமாத்தினா சும்மா விடுவாரா?" என்று பிடித்துக்கொண்டாள்.

நாலு சுவர்மேல் வெறும் தளமாகப் போடு என்றால், கூடம் அகலம், நடுவில் தொய்ந்துவிடும், தாங்க ஒன்று வேண்டும் என்கிறான் பலீல். கடைசியில் அவனே தொடையைத் தட்டிக்கொண்டு, "முதலாளி, உத்தரம் தளத்துக்குக் கீழதான் இருக்கணும்னு யாரு சொன்னா? மேல தூக்கிருவோம். தளம் அதுல தொங்கட்டும்" என்றான். தங்களுக்கு எழுதிக் கேட்டதற்குத் தாங்களும், நடக்கும், கம்பியை மட்டும் ஒழுங்காகக் கட்டச் சொல்லுங்கள் என்று சாவகாசமாக எழுதினீர்கள். நடந்தது. முட்டுகளைப் பிரித்தோம். கீழே தளம் தாம்பாளம் மாதிரி இருக்கிறது. சந்தோஷமாக மாடிப்படி ஏறி ஓடினேன். ஓடின வேகத்தில் முழங்காலில் இடித்துக் குப்புற விழுந்தேன். மாடி அறையின் நட்டநடுவே, இந்தச் சுவர் முதல் அந்தச் சுவர் வரை, முழங்கால் உயரத்துக்குப் படுத்திருக்கிறது அந்தப் பாழாய்ப்போன உத்தரம்! பந்தி போட்டால் பெண் வீடு இந்தப் பக்கம், மாப்பிள்ளை வீடு அந்தப் பக்கம். சாம்பார் வாளியோடு தாண்டுகிறவன் யார் இலையில் விழுவானோ?

நான் காலைத் தேய்த்துக்கொண்டிருக்கும்போதே வடிவம்மா மெதுவாகக் கேட்டாள்: "உத்தரம் தளத்துக்கு மேல போயிருச்சு, சரி. கீழ உட்காருறவுக தலைக்கு மேல இருந்து போயிருச்சா?"

கங்காணி கீழே நல்லபடியாகப் பேசி முடித்துவிட்டு, மேலே சாப்பிட வந்து, தான் இத்தனை நேரம் எதன் கீழே உட்கார்ந்திருந்தோம் என்று கண்ணால் பார்த்தால் இலையில் கை வைப்பாரா? கொத்தி எடுடா என்றால், எடுத்தால் தளமே கூடத்துக்குள் இறங்கிவிடும் என்கிறான் பலீல். அன்னலட்சுமியோ, "கல்யாணம் எனக்கா, இந்தத் தளத்துக்காப்பா?" என்று கேட்டுவிட்டு அழுகிறாள். அவள் அழுவதை என்னால் பார்க்க முடியவில்லை. பரிசம் வருகிற வெள்ளிக்கிழமை. தாங்கள் முன்னதாகவே ரயிலேறி வந்து, தாங்கள் சொன்ன கான்கிரீட்டுக்குத் தாங்களே பதில் சொல்லவும். பலீலை இனி என் வாசலில் ஏற்றமாட்டேன்.

வீட்டில் அக்காவுக்கு நமஸ்காரம், குழந்தைகளுக்கு ஆசீர்வாதம். கதிர்காமத்துக் கந்தன் தங்கள் குடும்பத்தை, கான்கிரீட் போடாத வீட்டில், நீடூழி வாழவைப்பானாக.

இப்படிக்கு,
நொண்டிக்கொண்டிருக்கும்
சிதம்பரநாதன்

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டுவதற்குள் சந்தைக்கு வந்த கங்காணி திடுதிப்பென்று வீட்டுக்குள் நுழைந்து, நான் தடுக்கத் தடுக்க மாடிக்கே ஏறிவிட்டார். மூச்சு வாங்கியதால் கண்ணில் பட்டதன்மேல் அப்படியே உட்கார்ந்து, காலை நீட்டி, வெற்றிலையை மடித்துப் போட்டுக்கொண்டு, "நல்ல பெஞ்சுங்க" என்றார். கூலி பாக்கி கேட்டு வந்து நின்ற பலீல் பல்லை இளித்துக்கொண்டு, இதுதான் உத்தரம் என்று சொல்லித் தொலைத்தான். கங்காணி எழுந்தார், குனிந்து பார்த்தார், மறுபடி உட்கார்ந்தார். "ஆயுசு பூரா இது என் தலைமேல உட்கார்ந்துச்சு. இன்னைக்கு இது மேல நான் உட்கார்ந்துட்டேன். பேச்சை இங்கயே வச்சுக்குவோம் சம்பந்தி" என்றார். சம்பந்தி என்றார் மச்சான்! தன் வீட்டுக்கும் இதே மாதிரி ஒன்று வேண்டுமாம், பலீலைக் கையோடு கூட்டிப் போய்விட்டார். இப்படித் தலைகீழாக யோசித்தது யார் என்று கேட்டார். நான்தான் என்று சொல்லியிருக்கிறேன். வெள்ளிக்கிழமை வரும்போது தாங்கள் ஒன்றும் வாயைத் திறக்க வேண்டாம்.