ஐம்பது வராத மாயச் சதுரம்

மனிதன் நெருப்பைக் கண்டுபிடித்தான், சக்கரத்தைக் கண்டுபிடித்தான், பிறகு நெடுங்காலம் சும்மா இருந்துவிட்டான். அந்தச் சோம்பலைப் போக்கி, தகுதியானவரைப் பதவியில் அமர்த்தப் 'புதையல் வேட்டை' என்னும் முறையைக் கண்டுபிடித்த பெருமை எங்கள் தராசுக் கம்பெனியின் மேலாளரையே சாரும். அவரிடம் சம்பளம் வாங்குவதால் இதைச் சொல்லவில்லை. பக்கத்தில் இருந்து பார்த்ததால் சொல்கிறேன்.

எங்கள் கம்பெனியில் தராசும் எடைக்கற்களும் செய்கிறோம். நான் அங்கே எழுத்தர். மதியச் சாப்பாட்டு வேளையில் நாளிதழின் புதிர்ப் பக்கத்தை விரித்துவைத்துப் பேனாவைக் கடிப்பேன் என்பதால் எல்லோருக்கும் நான் 'புதிர் சார்'. கூட்டம் நடந்தால் நடவடிக்கைக் குறிப்பு எழுதுவதும் நானே.

சோதனைப் பிரிவின் மேற்பார்வையாளர் ஓய்வு பெற்றுப் போனார். அவர் நாற்காலி காலியானதே தவிர, வேலை நிற்கவில்லை. அந்தப் பிரிவில் இருந்த ஒரு பெண்மணி அவர் வேலையையும் தன் வேலையையும் சேர்த்தே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு கிராம் கூடினாலும் குறைந்தாலும் எடைக்கல்லைத் திருப்பி அனுப்பிவிடுவார் என்பதால் அவருக்குக் 'கிராம் மேடம்' என்று பெயர். பதவி அவருக்குத்தான் என்று நாங்கள் எல்லோரும் நம்பினோம். நவீன நிர்வாகம் பற்றி எங்களுக்கு அவ்வளவுதான் தெரியும்.

முதலில் எழுத்துத் தேர்வு வைத்தார்கள். கிராம் மேடம் முதலாவதாக வந்தார். மேலாளரின் மனைவியுடன் பிறந்த தம்பியும் அதே தேர்வை எழுதினார். எழுதினார் என்பதில் சந்தேகமில்லை. அவர் பேனாவில் மை குறைந்திருந்ததை நானே பார்த்தேன். இவரை அலுவலகம் முழுவதும் 'மச்சான் சார்' என்று அழைக்கும். மேலாளரைத் தவிர மற்றவர்களுக்கு அவர் என்ன முறை என்று யாரும் கேட்டதில்லை. முடிவு வந்த மறுநாள், "எழுத்துத் தேர்வு பழைய பாணி" என்று ரத்தானது. சரி, அனுபவத்தை வைத்துக் கொடுக்கலாமே என்றார் கணக்கர்.

"அனுபவம்னா என்னய்யா? வயசாகிப் போச்சுன்னு அர்த்தம்," என்றார் மேலாளர். "நமக்கு வேணுங்கிறது புத்துணர்ச்சி."

மச்சான் சார் அப்போது கண்ணை மூடிப் புத்துணர்ச்சி பெற்றுக்கொண்டிருந்தார்.

அந்த ஆண்டு கம்பெனிக்குப் பொன்விழா. விழாவன்று புதையல் வேட்டை நடக்கும். புதையல் மேற்பார்வையாளர் பதவிக்கான நியமன ஆணை என்று அறிவிப்பு ஒட்டினார்கள். கடைசிப் புதிரை உருவாக்கும் பொறுப்பு எனக்கு வந்தது. மேலாளர் என்னை அறைக்கு அழைத்து உட்காரச் சொன்னார். அந்த நாற்காலி அவ்வளவு மெத்தென்று இருக்கும் என்று அன்றுதான் தெரிந்தது.

"புதிர் சார், மாயச் சதுரம்னு ஒண்ணு உண்டே, தெரியுமா?"

"தெரியும் சார். மூணுக்கு மூணு, ஒன்பது கட்டம். ஒவ்வொண்ணுலயும் வேற வேற எண். குறுக்க கூட்டினாலும் நெடுக்க கூட்டினாலும் மூலைக்கு மூலை கூட்டினாலும் ஒரே விடை வரணும்."

"அதேதான். நமக்குப் பொன்விழா. கூட்டினா அம்பது வரணும். முழு எண்ணா இருக்கணும். நாம பின்னம் விக்கிற கம்பெனி இல்ல."

வீட்டுக்குப் போய்ச் சமையலறை மேசையில் உட்கார்ந்தேன். ஒரு வரிசை சரியானால் இன்னொன்று உதைத்தது. இரண்டு தாள் கிழித்த பிறகுதான் உறைத்தது. ஒன்பது கட்டச் சதுரத்தில் நடுக்கட்டத்து எண், கூட்டுத்தொகையில் சரியாக மூன்றில் ஒரு பங்காக இருந்தே ஆகவேண்டும். ஐம்பதை மூன்றால் வகுத்தால் இரண்டு மிஞ்சும். யார் வந்து உட்கார்ந்தாலும் மிஞ்சும்.

"என்ன, முகம் இப்படிப் போச்சு?" என்றாள் மனைவி, வெங்காயம் நறுக்கியபடியே.

"அம்பது மூணால வகுபடல."

"வகுபடாதுதான். ரெண்டாம் வகுப்புலயே சொல்லிட்டாங்களே. அதுக்கா இவ்வளவு நேரம்?"

"மிச்சம் ரெண்டு இருக்கே, அதை என்ன பண்றது?"

"உங்க ஆபீஸ்ல மிச்சம் பிடிச்சதை யாராவது எடுத்துக்கிட்டுத்தானே போவாங்க? அவங்ககிட்டயே கேளுங்க."

மறுநாள் விழாக் கமிட்டி கூடியது. கமிட்டி என்றால் மேலாளர், மச்சான் சார், கணக்கர். போட்டியில் கலந்துகொள்பவரே கமிட்டியில் இருக்கலாமா என்ற கேள்விக்கு, "போட்டியாளர் தரப்பையும் கேட்கணும் இல்லையா?" என்று ஏற்கெனவே விளக்கம் தரப்பட்டிருந்தது. நான் விஷயத்தைச் சொன்னேன்.

"ஐம்பத்தொண்ணுன்னா வரும் சார்," என்றேன்.

"ஒண்ணு கூடுதலா? தராசுக் கம்பெனிக்காரன் எடையைக் கூட்டிக் காட்டுறான்னு ஊர் பேசும்."

"நாப்பத்தெட்டு?"

"ரெண்டு குறைச்சலா! அதைவிடக் கேவலம்."

கணக்கர் தொண்டையைச் செருமினார். "மிச்ச ரெண்டை அடுத்த வருஷக் கணக்குக்குக் கொண்டு போயிடலாமே?"

"எங்க அக்கா வீட்டுக்காரர் சொல்லிட்டார்ல, அம்பதுதான் வரணும்னு?" என்றார் மச்சான் சார், கண்ணைத் திறக்காமலே. "ஒரு தீர்மானம் போட்டா வகுபட்டுட்டுப் போகுது."

தீர்மானம் போட்டார்கள். 'ஐம்பது என்னும் எண், பொன்விழாவை முன்னிட்டு, விழா முடியும் வரை மூன்றால் மீதியின்றி வகுபடுவதாகக் கருதப்படும்.' நான்தான் எழுதினேன். எழுத்துப் பிழை இல்லை.

ஆனாலும் எனக்குள் ஒரு நப்பாசை. கூட்டம் முடிந்ததும் மேலாளரைத் தனியே பிடித்தேன். "சார், பதினாறு கட்டமாப் போட்டா ஒரு வழி இருக்கு. அஞ்சுலேர்ந்து இருபது வரைக்கும் எண்ணை வெச்சா எல்லாப் பக்கமும் அச்சா அம்பது வருது. ராத்திரி முழுக்கப் போட்டுப் பாத்தேன்."

"ஒன்பது கட்டம் பலகையில பெயிண்ட் அடிச்சாச்சே."

"அழிச்சுட்டு..."

"பெயிண்டை அழிக்கலாமாய்யா? அது செலவு." பிறகு என் பக்கம் குனிந்தார். "ஆமா, ஒன்பது கட்டத்துல நிச்சயமா முடியாதா? யாராலயும்? கிராம் மேடத்தாலயும்?"

"கணக்கைக் கண்டுபிடிச்சவனே வந்தாலும் முடியாது சார்."

அவர் முகம் மலர்ந்தது. எனக்கு டீ வரவழைத்தார். இத்தனை காலத்தில் அவர் அறையில் நான் குடித்த ஒரே டீ அது. என் உழைப்பைப் பாராட்டுகிறார் என்று நினைத்துக்கொண்டேன். சர்க்கரை கொஞ்சம் தூக்கல்.

அன்று மாலையே விதிகளில் ஒரு வரி கூடுதலாகச் சேர்ந்தது: 'எவரும் வெற்றி பெறாவிடில் நிர்வாகத்தின் முடிவே இறுதியானது.'

விழா நாள் வந்தது. வேட்டை ஆரம்பமானதும் மொத்த அலுவலகமும் குனிந்தும் தவழ்ந்தும் முதல் குறிப்பைத் தேடியது. அது தண்ணீர்க் குழாய்க்கு அடியில் இருந்தது. இரண்டாவது, நகல் எடுக்கும் இயந்திரத்தின் காகிதத் தட்டில். கிராம் மேடம் கிடுகிடுவென்று ஒவ்வொன்றையும் கண்டுபிடித்துக்கொண்டு போனார். மச்சான் சார் ஓடவில்லை. நேராகக் கூடத்துக்கு வந்து, முன்வரிசையில் உட்கார்ந்து, கடைசிக் குறிப்பைச் சட்டைப் பையிலிருந்து எடுத்தார். இதைத்தான் நிர்வாக நூல்கள் 'தொலைநோக்கு' என்கின்றன.

கூடத்தில் கரும்பலகை. அதில் வெள்ளைப் பெயிண்டில் ஒன்பது கட்டம். போட்டியாளர்கள் தாளில் நிரப்பித் தரவேண்டும். கிராம் மேடம் எழுதினார், அழித்தார், மறுபடி எழுதினார். அவர் நெற்றி சுருங்கியதை நான் ஓரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். தேர்வில் முதலாவதாக வந்தவர்; இரண்டு பேர் வேலையைப் பார்த்தவர்; இப்போது என்னுடைய பொறியில் உட்கார்ந்து தலையைச் சொறிகிறார். எனக்குத் தண்ணீர் குடிக்கவேண்டும்போல் இருந்தது.

சற்று நேரத்தில் அவர் பேனாவை மூடினார். தாளில், 'இதற்கு விடை கிடையாது' என்று எழுதிக் கொடுத்துவிட்டார்.

மேலாளர் அதை வாங்கி எல்லோருக்கும் உயர்த்திக் காட்டினார். "பாருங்க, என்ன ஒரு எதிர்மறைச் சிந்தனை! கிடையாதாம்!" அடுத்து மச்சான் சாரின் தாளை எடுத்தார். அவர் குரல் தழுதழுத்தது. "புதிர் சார், இதைப் பலகையில எழுதுங்க. எல்லாரும் கத்துக்கட்டும்."

சாக்பீசை எடுத்து எழுதினேன். முதல் வரிசை: பதினாறு, பதினேழு, பதினேழு. இரண்டாம் வரிசை: பதினாறு, பதினேழு, பதினேழு. மூன்றாம் வரிசையை எழுத நான் தாளைப் பார்க்கவேண்டியிருக்கவில்லை.

"அம்பது! அம்பது! அம்பது!" என்று கூட்டிக்கொண்டே வந்தார் மேலாளர். கணக்கர் கைதட்டினார்.

"எண்ணெல்லாம் வேற வேறயா இருக்கணும்னு சொன்னாங்களே," என்று பின்வரிசையில் வண்டி ஓட்டுநர் முனகினார்.

"ஒரே எண்ணைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தியிருக்கார். அதுக்குப் பேர் சிக்கனம்," என்றார் மேலாளர்.

கிராம் மேடம் எழுந்தார். "சார், நெடுக்க கூட்டலாமா?"

"நெடுக்க கூட்டுறது நம்ம கம்பெனி வழக்கம் இல்லம்மா."

"அண்ணே," என்று அவர் என் பக்கம் திரும்பினார். "இந்தச் சதுரத்தைப் போட்டது நீங்கதானே? நீங்களே கூட்டிச் சொல்லுங்க."

கூடமே என்னைப் பார்த்தது. வீட்டு வாடகை, மகளின் பள்ளிக் கட்டணம், மெத்தென்ற அந்த நாற்காலி எல்லாம் கண்முன் வந்து போயின. பொய் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். ஆனால் புதிர்க்காரனுக்கு ஒரு கெட்ட பழக்கம். எண்ணைப் பார்த்தால் மனம் தானாகக் கூட்டிவிடும்.

"முதல் நெடுக்கு நாப்பத்தெட்டு," என்றேன். "மத்த ரெண்டும் ஐம்பத்தொண்ணு. இது தப்பு. இதுல யார் எதைப் போட்டாலும் தப்புதான். ஒன்பது கட்டத்துல அம்பது வரவே வராது. மேடம் எழுதினதுதான் சரி."

மச்சான் சார் முதன்முறையாகக் கண்ணை முழுசாகத் திறந்தார். மேலாளர் மட்டும் அசரவில்லை. கைக்குட்டையால் நிதானமாக முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"ரொம்ப சந்தோஷம். தப்புன்னு ஆயிடுச்சு, ஒத்துக்கிறேன். அப்போ என் மச்சானும் ஜெயிக்கல. விடையே இல்லைங்கிறதால வேற யாரும் ஜெயிக்கல. விதிப்படி இனி நிர்வாகம்தான் முடிவு பண்ணணும்." ஒரு நொடி கண்ணை மூடி ஆழ்ந்து யோசித்தார். "நிர்வாகம் முடிவு பண்ணிடுச்சு."

நியமன ஆணையைப் பெட்டியிலிருந்து எடுத்தார்கள். அதில் மச்சான் சாரின் பெயர் ஏற்கெனவே அச்சாகி இருந்தது. இடம்விட்டுக் கையால் எழுதினால் அழகாக இருக்காதாம்.

நான் சாக்பீசை வைத்துவிட்டுத் தலைகுனிந்து நின்றேன். அந்த டீ எதற்கு என்று அப்போதுதான் புரிந்தது.

கிராம் மேடம் அழவில்லை, கத்தவுமில்லை. இடுப்பில் செருகியிருந்த சோதனைக்கூடச் சாவிக்கொத்தை எடுத்து மச்சான் சாரின் கையில் வைத்தார்.

"இதுல எது எந்தப் பூட்டுக்கு?" என்றார் மச்சான் சார், கலவரத்துடன்.

"அதுக்கும் ஒரு வேட்டை வைங்க சார்."

பிறகு மேலாளரிடம் போய்க் கைகூப்பினார். "வாழ்த்துகள் சார்."

"எனக்கு எதுக்கும்மா? பதவி அவருக்கு."

"இல்ல சார். ஒன்பது கட்டத்துல முடியாதுன்னு அண்ணன் சொல்றார். நீங்க முடிச்சுக் காட்டிட்டீங்களே! பரீட்சையைக் கூட்டினாலும் உங்க மச்சான். அனுபவத்தைக் கூட்டினாலும் உங்க மச்சான். விடை தப்புன்னாலும், யாருமே ஜெயிக்கலைன்னாலும் உங்க மச்சான். நம்ம கம்பெனியில எந்தப் பக்கம் கூட்டினாலும் ஒரே விடைதான் வருது."

மேலாளர் பூரித்துப்போனார்.

"கேட்டீங்களா? தோத்தவங்க வாயாலயே வந்துடுச்சு! எவ்வளவு பெருந்தன்மை! புதிர் சார், ஒரு வார்த்தை விடாம இதைக் குறிப்புல ஏத்துங்க."

மேலாளர் உத்தரவை நான் ஒருநாளும் மீறியதில்லை. ஒரு வார்த்தை விடாமல் ஏற்றினேன். மறுநாள் காலை கமிட்டி கூடி, வழக்கம்போல் படித்துப் பார்க்காமலே அதைத் தீர்மானமாக நிறைவேற்றியது. 'இக்கம்பெனியில் எந்தப் பக்கம் கூட்டினாலும் விடை மேலாளரின் மச்சானே என்பதை இக்கமிட்டி ஒருமனதாக ஏற்கிறது.'

முன்மொழிந்தவர், மேலாளர். வழிமொழிந்தவர், மச்சான்.