கதவடி அண்ணர்

நோயாளியாக இருப்பதில் கதவடி அண்ணரை விஞ்ச ஒக்லாந்து நகரத்தில் அன்றைக்கும் ஆள் இருக்கவில்லை, இன்றைக்கும் இல்லை. இருமல், வாந்தி, மூலம், மூட்டுவாதம் என்று அந்த மனிதருக்கு வராத வருத்தம் கிடையாது. எல்லாம் சனிக்கிழமை காலை பத்து மணிக்கு வந்து, பன்னிரண்டு மணிக்குத் தேநீரோடு சுகமாகிவிடும். பிரசவ வலியையும் ஒருமுறை கேட்டுப் பார்த்தார். வகுப்பு டொக்டர் மறுத்துவிட்டார்.

எண்பதுகளின் நடுப்பகுதி. ஒடாஹுஹு என்ற புறநகரில் ஒரு டொக்டரின் கிளினிக்கில் எனக்கு நேர்ஸ் வேலை கிடைத்திருந்தது. கிடைத்திருந்தது என்பதைவிடத் தொங்கிக்கொண்டிருந்தது என்பதே சரி. இப்படிக் கிளினிக்குகளில் வேலை செய்யும் நேர்ஸ்மாருக்குச் சனிக்கிழமைகளில் ஒரு மேற்பயிற்சி வகுப்பு நடந்தது. அதன் கடைசிச் சோதனையில் பாஸ் பண்ணினால் வேலை நிரந்தரம், இல்லாவிட்டால் வேறு ஆள் பார்க்க வேண்டியிருக்கும் என்று எங்கள் டொக்டர் சிரித்த முகத்தோடு சொல்லியிருந்தார். எனக்கு அப்போது நாற்பத்திரண்டு வயது. யாழ்ப்பாணத்தில் பதினெட்டு வருடம் வார்டையே ஆட்டிப் படைத்தவள். எனக்கா வகுப்பு என்று பொருமிக்கொண்டுதான் அந்தத் தேவாலயத்து மாடி மண்டபத்தின் படிகளை ஏறினேன்.

வகுப்பை நடத்தியவர் ஒரு சிவப்புத் தாடி டொக்டர். பாதி நேரம் பாடம், மீதி நேரம் நாடகம். ஒருவர் நோயாளியாக வந்து எங்களுக்கு எதிரே கதிரையில் உட்காருவார். அவருக்கு என்ன நோய் என்பது ஓர் அட்டையில் இருக்கும். அந்த அட்டை அவரிடமும் டொக்டரிடமும் மட்டும்தான். எட்டு நிமிடத்துக்குள் நாங்கள் கேட்டுக் கண்டுபிடித்து, என்ன செய்ய வேண்டும் என்றும் சொல்ல வேண்டும். முதலில் நோயாளியாக வந்தவர்கள் இரண்டு வெள்ளைக்காரச் சகோதரிகள், வயதானவர்கள், தங்கமானவர்கள். வணக்கம் சொன்ன கையோடு அட்டை முழுவதையும் ஒப்பித்துவிடுவார்கள். அவர்கள் ஊரைவிட்டுப் போனதும் டொக்டர் புது ஆள் தேடினார். நான் ஒருவரைக் கூட்டிக்கொண்டு வந்தேன். என் தலையில் நானே மண் அள்ளிப் போட்டுக்கொண்ட நாள் அது.

அவர் என் கணவரோடு பென்ரோஸில் ஒரு பண்டகசாலையில் பெட்டி தூக்கிக்கொண்டிருந்தவர். மன்னார்ப் பக்கம் இருபத்திரண்டு வருடம் அப்போதிக்கரியாக இருந்தவர். அதாவது, டொக்டர் இல்லாத கிராமத்து மருந்துச்சாலையில் டொக்டர் செய்கிற அத்தனையையும் செய்துவிட்டு, டொக்டர் என்ற பெயர் மட்டும் இல்லாதவர். இந்த நாட்டில் அந்தப் படிப்பை ஒருவரும் ஏற்றுக்கொள்ளவில்லை. சனிக்கிழமை சும்மா இருக்கிற மனிதர், வந்தால் தேநீரும் ஸ்கோனுமாவது கிடைக்குமே என்று நினைத்தேன்.

முதல் சனிக்கிழமை அவருடைய அட்டையில் இருந்தது தொண்டை நோ. அகப்பட்டவள் நான். எல்லாம் ஆங்கிலத்தில்தான் நடந்தது, எனக்கென்னவோ தமிழில்தான் ஞாபகம் இருக்கிறது. ஊரில் நேர்ஸைக் கூப்பிடுகிற மாதிரி அவர் என்னை 'மிஸ்ஸி' என்றார்.

"என்ன செய்யுது?"

"ஒண்டுமில்லை, மிஸ்ஸி."

"அப்ப ஏன் வந்தனீங்கள்?"

"மனுசி போகச் சொன்னவ."

"அவ ஏன் போகச் சொன்னவ?"

"அவவையல்லோ கேக்க வேணும்."

எட்டு நிமிடம் இப்படியே போனது. மணி அடித்தது. எழும்பி வணக்கம் சொல்லிக் கதவடிக்குப் போனார். கைப்பிடியைப் பிடித்தார். திரும்பினார். "மறந்து போனன் மிஸ்ஸி, மூண்டு நாளா எச்சில் விழுங்கேலாமல் கிடக்கு."

எனக்கு வந்த ஆத்திரத்தில் அவருடைய தொண்டையை நானே ஒரு கை பார்த்திருப்பேன். இது அநியாயம் என்று சிவப்புத் தாடியிடம் முறையிட்டேன். அண்ணர் அசையவில்லை. "இருபத்திரண்டு வருசம் பாத்திட்டன். கதிரையில இருந்து ஒருத்தரும் வருத்தத்தைச் சொல்லுறேல்லை. கதிரையில சொல்லுறது சும்மா. கதவடியில சொல்லுறதுதான் வருத்தம்."

சிவப்புத் தாடிக்குப் புளகாங்கிதம். நோயாளி கதவைத் தாண்டுமுன் உண்மையான வருத்தத்தைக் கறந்தோமா என்று பார்க்க, அன்றிலிருந்து மார்க் போடும் தாளில் 'கதவு' என்று ஒரு புது வரி வந்தது. அண்ணருக்கும் பெயர் நிலைத்துவிட்டது.

நடிப்பு என்று வந்துவிட்டால் அரைகுறை வேலை அவருக்குப் பிடிக்காது. காய்ச்சல் அட்டை என்றால் இரண்டு கம்பளிச் சட்டையும் மப்ளரும் போட்டுக்கொண்டு ஹீட்டருக்குப் பக்கத்தில் அரை மணி நேரம் வெந்துவிட்டு வருவார். நீரிழிவு என்றால் மூன்று ஜாடி தண்ணீரைக் குடித்துவிட்டு, கேள்விக்கு ஒருமுறை கழிவறைக்கு ஓடுவார். வயிற்று வலிக்கு அவர் போட்ட சத்தத்தில் கீழே கல்யாண ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்த பாதிரியார் வேதப் புத்தகத்தோடு மேலே ஓடி வந்துவிட்டார். குழந்தைக்குச் சளி என்ற அட்டைக்கு ஒரு பூசணிக்காயைத் துவாயில் சுற்றிக்கொண்டு வந்து, அதை வாங்கிய நேர்ஸிடம், "தலையைப் பிடியுங்கோ மிஸ்ஸி, கழுத்து இன்னும் நிக்கேல்லை" என்று அதட்டினார்.

மற்றவர்கள் சிரித்துக்கொண்டே பழகிவிட்டார்கள். எனக்குத்தான் வசப்படவில்லை. வார்டில் நோயாளி படுத்திருப்பார். வாயைத் திற என்றால் திறப்பார். எழும்பிப் போக அவருக்குக் கதவு கிடையாது. இங்கே எழும்பிப் போய்விடுகிறார்களே! பயிற்சியில் நான்கு முறை கதவு வரியில் முட்டை வாங்கினேன்.

சோதனைக்கு முதல் நாள் மானத்தை விட்டு அவர் வீட்டுக்கு உளுந்து வடை கொண்டு போனேன்.

"அண்ணை, நாளைக்கு ஒருநாள் மட்டும் கதிரையிலேயே சொல்லிப் போடுங்கோ. என்ர வேலை உங்கட கையிலதான் இருக்கு."

மூன்று வடை தின்று முடித்தார். "வடை நல்லாயிருக்கு மிஸ்ஸி. சம்பல்தான் காணாது."

மறுநாள் அண்ணர் வந்தார், உட்கார்ந்தார், நான் வாயைத் திறக்குமுன்பே சொல்லிவிட்டார். வலக்காது, நான்கு நாள், அரிப்பு, நோ, கடலில் குளித்தது. வடையின் மகிமை என்று உள்ளுக்குள் கும்பிட்டேன். காதைப் பார்த்தேன். சொட்டு மருந்து விளக்கத்தைத் தொடங்கினேன். அண்ணர் பாதியிலேயே எழும்பிக் கதவடிக்குப் போய்க் கைப்பிடியைப் பிடித்தார்.

வழக்கமாக அந்த இடத்தில் நாடக ராஜா போலத் திரும்புவார். அன்று திரும்பவில்லை.

"வேற ஏதும் இருக்கோ?"

"ஒண்டுமில்லை, மிஸ்ஸி."

கை மட்டும் கைப்பிடியை விடவில்லை. பிடித்திருந்தது போலவும் இல்லை, அதில் சாய்ந்து நின்றது போல இருந்தது. அன்று கம்பளிச் சட்டையும் இல்லை, ஹீட்டரும் இல்லை. நெற்றியெல்லாம் வியர்வை.

"அண்ணை," என்றேன், தமிழில். "கதவைப் பிடிச்சுக்கொண்டு நிக்கிறியள்."

தன் கையையே யாரோ ஒருவருடைய கையைப் போலப் பார்த்தார். பிறகு மெதுவாகச் சொன்னார். "ரெண்டு கிழமையா, பெட்டி தூக்கேக்க நெஞ்சை ஆரோ அமத்திற மாதிரி. இப்ப படியேறி வரேக்கையும் வந்தது. இன்னும் போகேல்லை."

"உங்களுக்குத் தெரியாத வருத்தமோ? ஏன் சொல்லேல்லை?"

"தெரிஞ்சபடியால்தான் சொல்லேல்லை, மிஸ்ஸி."

அவரைப் பிடித்து உட்கார வைத்தேன். பின்வரிசை நேர்ஸ்மார் கை தட்டினார்கள். சிவப்புத் தாடி அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நெஞ்சைப் பிடிக்கிறாரே, அட்டையில் காது என்றல்லவா இருக்கிறது?"

"டொக்டர், அட்டையை எறிந்துவிட்டு நாடியைப் பிடியுங்கள்!" என்று நான் போட்ட சத்தத்தில் கைதட்டல் நின்றது. நாடியைப் பிடித்தவரின் தாடியைத் தவிர முகம் முழுவதும் வெளுத்தது. தொலைபேசிக்கு ஓடினார்.

அம்புலன்ஸ்காரர் ஸ்ட்ரெச்சரில் தூக்கிப் படியிறங்கும்போது அண்ணர் என்னைக் கைகாட்டிக் கூப்பிட்டார். மனைவிக்கு ஏதோ சொல்லப் போகிறார் என்று கண் கலங்கக் குனிந்தேன்.

"காதுக்கு எத்தினை துளி எண்டு நீங்கள் சொல்லேல்லை, மிஸ்ஸி."

சாயங்காலம் ஆஸ்பத்திரியில் சொன்னார்கள்: இருதயத்துக்குப் போகும் இரத்தக் குழாய் அடைக்கிற தறுவாயில் வந்துவிட்டார், இருதயத்துக்குப் பழுது இல்லை. அவருடைய மனைவியும் நானும் ஆஸ்பத்திரி நடையில் கட்டிப் பிடித்துக்கொண்டு அழுதோம், பிறகு சிரித்தோம், பிறகு இரண்டு பேருமாகச் சேர்ந்து அவரைத் திட்டித் தீர்த்தோம். ஒரு மாதமாக நெஞ்சில் ஏறியிருந்த பெட்டியை இறக்கி வைத்தது போல எனக்கே மூச்சு வந்தது.

சோதனையில் நான் பாஸா? இல்லை! காதுக்கு விளக்கம் முடிக்கவில்லையாம். சட்டம் சட்டம்தான் என்று சிவப்புத் தாடி கையைப் பிசைந்தார். ஆனால் நடந்ததை எங்கள் டொக்டரிடம் போய்ச் சொன்னதும் அவரே. இரண்டு மாதத் தவணை கிடைத்தது.

இரண்டாம் சோதனைக்கு நோயாளி யார் என்கிறீர்கள்? பெட்டி தூக்கக் கூடாது என்று தடுத்த ஆஸ்பத்திரி, கதிரையில் இருக்கக் கூடாது என்று தடுக்கவில்லையாம். பண்டகசாலையிலும் உட்கார்ந்து செய்யும் வேலைக்கு மாற்றிவிட்டார்கள். படிகளை ஆறுதலாக ஏறி வந்து உட்கார்ந்தார். அட்டையில் முழங்கால் நோ. வழக்கம் போல என்னை ஆட்டி வைத்தார். நானும் விடவில்லை. கடைசியில் கதவடிக்குப் போனார், கைப்பிடியைப் பிடித்தார்.

"வேற ஒண்டுமில்லையே அண்ணை?"

"ஒண்டுமில்லை."

நான் நின்றேன். மணி அடித்தது. அப்போதும் நின்றேன்.

"உண்மையா ஒண்டுமில்லை மிஸ்ஸி," என்று சிரித்தார். கைப்பிடியை விட்டார், இரண்டு கையையும் விரித்துக் காட்டினார், போய்விட்டார்.

பாஸ் பண்ணிவிட்டேன். நேரம் கடந்ததற்காக இரண்டு மார்க் குறைத்திருந்தார்கள். குறைக்கட்டும். அந்த வெறுங்கைகளைப் பார்த்துவிட்டுத்தான் விடுவதென்று நின்றேன், பார்த்தேன், எனக்கு அது போதும்.